பனியில் ஒரு சிவப்புக் குடை

கறுப்பு வெள்ளைத் தெருப்படம்.
அதில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நிறம்.
போட்டோஷாப்பில் சில நிமிட வேலை. பல கேமராக்களில் இதற்கென்றே ஒரு மோடு இருக்கு.

கண் நேராக அந்த நிறத்துக்குத்தான் ஓடும். சிக்கலே அதுதான். பின்னால் நிற்கிற முகம், சுவரில் விழுந்த நிழல் எல்லாம் கண்ணில் படாமலே போயிடும்.

ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) கறுப்பு வெள்ளைப் படம். கடத்தல்காரனுக்குக் கொடுத்த பணப்பையை எரித்தால் இளஞ்சிவப்புப் புகை வருகிற மாதிரி போலீஸ் முன்பே ஏற்பாடு செய்திருக்கும். புகைபோக்கியிலிருந்து அந்தப் புகை கிளம்பும்போது மட்டும் திரையில் நிறம். அங்கே நிறம்தான் துப்பு. கதைக்கே அது வேணும்.

புகைப்படக் கலைஞர் சால் லைட்டர் வேறு வழியில் போனார்.
1950 வாக்கில், நியூயார்க். கேமராவில் கலர் ஃபிலிம். மேலேயிருந்து ஒரு பார்வை: வெள்ளைப் பனி, கறுப்பாய்க் காலடித் தடங்கள், ஒரு சிவப்புக் குடை.

அவர் எதையும் அழிக்கலை. மிச்ச நிறத்தைப் பனியே மூடிவிட்டது. அந்தக் குடை மனசில் நிற்கிறதே அதனால்தான்.

தெருவே இப்படித் தரும்போது, மவுஸைப் பிடித்து மீதி நிறத்தை எதுக்கு அழிக்கணும்?