காய்ச்சல் விட்ட பிறகு

காவேரிப்பட்டினத்தில் என் வயதுக்காரர்களுக்கு டிடிடி வாசனை மறக்காது. மருந்தடிப்பவர்கள் வேலை முடிந்ததும் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். தென்பெண்ணையில் தண்ணீர் வற்றி மணலில் குட்டை குட்டையாக நின்றால் கொசுவுக்குக் கொண்டாட்டம்தான். 1976இல் நாடு முழுக்க 64 லட்சம் பேருக்கு மலேரியா. நமக்கெல்லாம் குளிர், நடுக்கம், கசப்பு மாத்திரை, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் இல்லை என்பதை நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு பையனிடம் பார்த்தேன். போர்வெல் வண்டி வேலைக்கு ஒரிசா போன அப்பாவோடு குடும்பமே போயிருந்தது. அங்கே அவனுக்கு மூளை மலேரியா. வலிப்பு வந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தானாம். போகுமுன் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று சொன்னவன், திரும்பி வந்தபோது கரும்பலகையில் இரண்டு வரி இருந்தால் ஒன்றை எழுதுவதற்குள் மற்றதை விட்டுவிடுவான். பக்கத்துப் பையன் ரப்பர் கேட்டதற்கு சிலேட்டால் அடித்தான்.

"புள்ள முன்ன மாதிரி இல்லீங்க சார். காத்து கருப்பு ஏதாச்சும் அண்டிடுச்சுங்களா?" என்றார் அவன் அம்மா. சக ஆசிரியர் ஒருவர் சோம்பேறி என்றார். இரண்டுமே இல்லை. ஃபால்சிபாரம் வகைக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டி அடைத்துவிடும். உயிர் தப்பினாலும் தழும்பு உள்ளே இருக்கும். உகாண்டாவின் கம்பாலாவில் இப்படிப் பிழைத்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் நான்கில் ஒருவருக்கு சிந்தனைத் திறனில் குறை இருந்தது என்று 2008இல் எழுதினார்கள்.

இலங்கையில் கதிர்காமம் பக்கம் நடந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. அங்கே சாதாரண மலேரியாதான். ஆனால் தடுப்பு மாத்திரை சாப்பிட்ட பள்ளிப் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். அந்த நாடு மலேரியாவையே ஒழித்துவிட்டது என்று 2016இல் சான்று பெற்றது.

நம் பையனை முன் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரே கணக்கு கொடுத்தேன். எட்டாவதோடு நின்றுவிட்டான். இப்போது மாங்கூழ் தொழிற்சாலையில் டப்பா அடுக்குகிறான். எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும், வேலையில் பிசகில்லை.

இப்போது ஒசூர் பக்கம் ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய. அங்கே ஆசிரியையாக இருக்கும் என் மருமகளிடம், புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வலிப்போடு காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். மொழிதான் இடிக்கிறதாம். சத்துணவு ஆயாவுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும், அவரை வைத்துக் கேட்கிறாள்.