பூந்தமல்லி சாலையில் பழைய பிக்கப்

திருவள்ளூர் பக்கத்துக் கத்தரிக்காயும் கீரையும் கோயம்பேட்டுக்குப் போகும் வழிகளில் ஒன்று பூந்தமல்லி. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் இந்த வட்டாரத்தில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை.

வருடக்கணக்கில் மரத்தடியில் கிடந்த டீசல் பிக்கப்பை எடுத்தால், ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். விடியற்காலை லோடோடு நின்றால் அன்றைய விலை போச்சு. உடனே பம்பை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருக்கலாம். அது உறிஞ்சும் பக்கம் என்பதால், வண்டி ஓடும்போது டீசல் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கிணற்று மோட்டாரின் சக்‌ஷன் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

டேங்கைக் கழற்றித் துருவையும் தண்ணீரையும் நீக்கி, ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் மூன்றையும் புதிதாகப் போட்டு, கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். டீசலுக்கென்றே விற்கும் ஹோஸையே வாங்குங்கள். வீட்டில் மிஞ்சிய தண்ணீர் ஹோஸை மாட்டுகிற சிக்கனம் வேண்டாம்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம். செலவைத் தொடங்குமுன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்.