கோபுரம் கட்டுமுன்

மழை பெய்தால் உழவன் மகிழ்வான், குயவன் வருந்துவான். எங்கள் ஊரில் குயவனோடு சேர்ந்து வருந்துகிறவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்கள் வேறு யாருமல்லர்; பள்ளியின் கைப்பந்துக் குழுவினராகிய நாங்கள்தாம். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் ஆடுகளம் சேறாகிவிடும். சித்திரை வெயிலிலோ வெறுங்காலை மண்ணில் வைக்க முடியாது. ஆகவே, ஊருக்குப் பொதுவாக ஓர் உள்விளையாட்டு அரங்கம் வரப்போகிறது என்ற செய்தி கேட்டபோது நாங்கள் துள்ளிக் குதித்தோம் என்றால் அது மிகையாகாது.

ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். குளக்கரையை ஒட்டிய பேரூராட்சி இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். கூடைப்பந்து ஆடுகளம் ஒன்று, இறகுப்பந்து ஆடுகளங்கள் நான்கு, பார்வையாளருக்குப் படிக்கட்டு வரிசைகள் என்று பெரிய கனவு கண்டனர். என் அப்பா கட்டட மேஸ்திரி. அவரே ஒரு தாளில் படம் வரைந்து வைத்துவிட்டார். இனி அடிக்கல் நாட்டுவதுதான் பாக்கி என்று நான் எண்ணியிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் குழுக் கூட்டத்தில் எழுந்து, "கட்டுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஓர் ஆலோசகரை அமர்த்தி, இது நமக்கு ஏற்றதுதானா என்று ஆராயச் சொல்வோம்" என்றார்களாம். அதற்காகும் கட்டணத்தைக் கேட்டதும் கூட்டத்தில் சலசலப்பு. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?" என்று ஒருவர் கேட்டாராம். அப்பாவும் விடவில்லை. "காகிதத்துக்கா பணம், சிஸ்டர்? அந்தப் பணத்தில் நாலு தூண் எழுப்பிவிடலாமே!" என்றாராம்.

சிஸ்டர் கோபப்படவில்லை. கோபுரம் கட்ட விரும்பியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நினைவூட்டினார்கள். செலவை உட்கார்ந்து கணக்குப் பார்க்காமல் அடித்தளம் போட்டுவிட்டு, முடிக்க இயலாமல் ஊராரின் நகைப்புக்கு ஆளானவனின் கதை அது. அப்பா அந்த உவமையைக் கோவிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஆனால் அது தம்முடைய தொழிலைப் பற்றியது என்று அன்றுதான் தோன்றியதாக வீட்டில் அம்மாவிடம் சொன்னார். ஒருவழியாக ஆலோசகரை அமர்த்துவது என்று முடிவாயிற்று.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. இன்னும் சில மாதங்களில் பத்தாம் வகுப்பு முடிந்துவிடும். ஆராய்ச்சி, அறிக்கை என்று காலம் கடத்தினால் நான் எப்போது ஆடுவது?

நகரத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒரு பெண் பொறியாளர். அம்மாவின் வயதிருக்கும். அளவு நாடா ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் எப்போதும் அவர் கையில் இருக்கும். கட்டடத்தைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், அவர் கேட்ட கேள்விகளே வேறு. "யார் ஆடுவார்கள்? எத்தனை மணிக்கு வருவார்கள்? மின்கட்டணம் யார் கட்டுவார்கள்? பத்து வருடம் கழித்துக் கூரை ஒழுகினால் யார் சரிசெய்வார்கள்?" கட்டும் செலவு ஒரே தடவைதான், நடத்தும் செலவோ கட்டடம் நிற்கும்வரை உண்டு என்பது அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம்.

அப்பாவின் படத்தில் கூரையின் உயரம் 18 அடி. அதாவது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். "வீட்டுக்கு இது தாராளம், மேஸ்திரி. ஆனால் கைப்பந்துக்குத் தலைக்குமேல் குறைந்தது 7 மீட்டர் வெளி வேண்டும். இறகுப்பந்துக்கு 9 மீட்டராவது இருந்தால்தான் நல்லது. உயர அடித்த பந்து கூரையில் பட்டுவிட்டால் அது ஆட்டமாகாதே" என்றார் அவர். அப்பா மறுமொழி சொல்லாமல் தம் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இறகுப்பந்து காற்றில் அலையும். ஆகவே சுவர் வேண்டும். சுவர் எழுப்பினால் நம் ஊர் வெயிலில் உள்ளே புழுங்கும். ஆகவே சூடான காற்று வெளியேற உயரத்தில் திறப்புகள் வேண்டும். விளக்கை ஆடுகளத்துக்கு நேர் மேலே தொங்கவிட்டால் அண்ணாந்து பார்க்கிறவளின் கண் கூசும். ஆகவே பக்கவாட்டில் அமைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று! நாலு சுவரும் ஒரு கூரையுமே அரங்கம் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பேதைமை!

அவர் சொன்ன இரண்டு செய்திகளை நான் பின்னர் படித்தும் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்னும் நகரத்து உள்ளரங்கம் ஒன்றின் பெரிய எஃகுக் கூரை, 1978 ஜனவரி 18 அன்று விடியுமுன் பனிச்சுமை தாங்காமல் இடிந்து விழுந்தது. முந்தின இரவுதான் ஏறத்தாழ 5,000 பேர் அதன்கீழ் அமர்ந்து கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இறைவன் அருளால் விழுந்த நேரத்தில் உள்ளே ஆள் இல்லை. கட்டும்போதே கூரை கணக்குக்கு மேல் தாழ்வதைக் கண்டு கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கேள்வி பொருட்படுத்தப்படவில்லை. கனடாவின் மாண்ட்ரியால் நகரமோ 1976 ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டிய அரங்கத்தின் கடன் 2006இல்தான் தீர்ந்தது. ஒன்றில் கேள்வி கேட்டும் செவிசாய்க்கவில்லை. மற்றொன்றில் செலவு கைமீறிப் போயிற்று. திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்தது ஏன் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

தோழியரே, விளங்கிய பிறகும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

ஆலோசகர் வீடுவீடாகக் கேட்பதற்குப் படிவங்கள் அச்சிட்டிருந்தார். உங்கள் வீட்டில் யார் ஆடுவார்கள், வாரத்தில் எத்தனை நாள், மாதச் சந்தா எவ்வளவு கொடுக்க இயலும் என்பன கேள்விகள். எங்கள் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருக்களுக்கும் 50 படிவங்களை என்னிடம் கொடுத்தார். நான் 12 வீடுகளுக்குத்தான் போனேன். ஒரு வீட்டில், "பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்றார்கள். இன்னொரு வீட்டில், "பிறகு வாம்மா" என்றார்கள். எனக்கு அலுத்துவிட்டது. குறைவான எண்ணிக்கை வந்தால் அரங்கமே வராமல் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு ஞாயிறு மதியம் மொட்டை மாடியில் உட்கார்ந்து மீதி 38 படிவங்களையும் நானே நிரப்பிவிட்டேன். எல்லாரும் தினமும் வருவார்கள். எல்லாரும் மாதம் 200 ரூபாய் கொடுப்பார்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனச்சாட்சியைத் தட்டி உறங்க வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து முதல் அறிக்கை குழுவின் முன் வாசிக்கப்பட்டது. மாணவியர் சார்பில் என்னையும் கைப்பந்துக் குழுத் தலைவியையும் அழைத்திருந்தார்கள். "மாதம் 200 ரூபாய் சந்தா கொடுக்கப் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். ஆகவே அதையே நிர்ணயிக்கலாம்" என்று ஆலோசகர் வாசித்தார். குழுவினர் மகிழ்ச்சியோடு தலையசைத்தனர். நான் பக்கத்தில் இருந்த தலைவியைப் பார்த்தேன். அவள் தலைகுனிந்து தன் பாவாடை ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளியிலேயே சிறந்த ஆட்டக்காரி அவள்தான். அவளுடைய அம்மா பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். நான் போகாமல் நிரப்பிய 38 வீடுகளில் அவள் வீடும் ஒன்று. அவள் அம்மாவின் பெயருக்கு எதிரே 200 ரூபாய் என்று எழுதியது என் கை. யாருக்காக அரங்கம் வேண்டுமென்று ஏங்கினேனோ, அவளையே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டேன்!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பள்ளிக்குப் போய்ச் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சிஸ்டர் சிறிது நேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு, "என்னிடம் சொன்னது சரி. ஆனால் சொல்ல வேண்டிய இடம் இது மட்டுமல்லவே" என்றார்கள். ஆலோசகர் தங்கியிருந்த விடுதிக்கு என்னை அழைத்துச் சென்றார்கள்.

அவர் கடிந்துகொள்வார் என்று நடுங்கிக்கொண்டே நின்றேன். அவர் அந்தப் படிவங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். "எல்லாம் ஒரே கையெழுத்தாக இருந்ததைப் பார்த்தேன். வீட்டில் இருப்பவர்கள் சொல்லச் சொல்ல நீ எழுதினாய் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும். அது என் தவறு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போன மாதம் நீ எத்தனை நாள் ஆடினாய்?" என்று கேட்டார். விரல்விட்டு எண்ணினேன். மழை, பரீட்சை, தலைவலி எல்லாம் போக 11 நாள். "பார்த்தாயா? தினமும் என்று எழுதிய நீயே 11 நாள்தான். எனக்கு வேண்டியது இந்த 11தான், அம்மா. பெரிய எண் கொடுத்தால் பெரிய கட்டடம் வரும். அது பூட்டியே கிடக்கும்" என்றார்.

வெற்றுப் படிவங்கள் 38ஐ வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பாவிடமும் சொன்னேன். அடித்தாலும் தேவலை என்றிருந்தது, அவர் அடிக்கவில்லை. "சிமெண்டில் மண்ணைக் கலந்துவிட்டாயே" என்று மட்டும் சொன்னார். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேறில்லை. ஆனால் மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நானும் வருகிறேன்" என்று என்னோடு தெருவில் இறங்கினார்.

நான்கு மாலைகள் நடந்தோம். இம்முறை திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டேன். எத்தனை செய்திகள்! "இருட்டின பிறகு குளக்கரை வழியாகப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது? தெருவிளக்கே இல்லையே" என்றார் ஒரு தாய். "அங்கே கழிப்பறை உண்டா?" என்று கேட்டார் இன்னொருவர். விளையாட்டு எதற்கு என்று முன்பு விரட்டிய வீட்டுப் பாட்டி, "காலையில் நாங்கள் நாலு பேர் நடக்க இடம் கொடுப்பார்களா?" என்று கேட்டார். தலைவியின் அம்மா பீடி இலையைக் கத்தரித்தபடியே, "முப்பது ரூபாய் என்றால் எப்படியாவது கொடுத்துவிடுவேன், கண்ணு" என்றார். நான் 30 என்று எழுதினேன். அந்த எண்ணை எழுதும்போது என் கை நடுங்கியது.

இதற்கிடையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. மழை பெய்யும்போது இடத்தைப் பார்க்காமல் அறிக்கையை முடிக்கமாட்டேன் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு காலை குழுவினர் எல்லாரும் குடையோடு போனோம். அடிக்கல் நாட்டவிருந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்று பார்த்தார். கரையேறி வந்தவர், "நாலு தூண் எழுப்பியிருப்பேன், மேடம். நல்ல வேளை" என்றார். சுண்டைக்காய் என்று பேசியவரும் அங்கே இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

இறுதி அறிக்கை வந்தது. பார்வையாளர் வரிசைகளும் கூடைப்பந்து ஆடுகளமும் இப்போது வேண்டாம் என்றது. பேருந்து நிலையத்துக்கு அருகே, விளக்குள்ள சாலையில், மேடான வேறோர் இடத்தைக் காட்டியது. 24 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம் கொண்ட ஒரே கூடம். அதே தரையில் இரு நிறக் கோடுகள் போட்டு, ஒரு நேரம் கைப்பந்தும் மற்றொரு நேரம் இரண்டு ஆடுகளங்களில் இறகுப்பந்தும் ஆடலாம். விடிகாலையில் முதியோர் நடக்கலாம். மாலை நாலரை முதல் ஆறு வரை பெண்களுக்கு. மாணவியருக்குச் சந்தா 30 ரூபாய். கழிப்பறையும் குடிநீரும் கட்டடத்தோடு சேர்த்தே கட்ட வேண்டும். கனவு சிறிதாகிவிட்டதே என்று சிலர் வருந்தினர். ஆனால் நடத்த முடிகிற அரங்கம் அதுதான் என்பதைக் குழுவினர் ஏற்றுக்கொண்டனர்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் பத்தாம் வகுப்பை முடித்திருப்பேன். அரங்கத்துக்கு இன்னும் அடிக்கல் நாட்டவில்லை. பணம் சேர வேண்டும். நானும் எங்கள் தலைவியும் பள்ளிச் சீருடையில் அங்கே ஆடப்போவதில்லை. அதை நினைத்தால் சிறிது வருத்தம்தான். ஆனால் இப்போது ஆறாம் வகுப்பில் சேற்றில் பந்து பொறுக்கும் தங்கைகள் ஆடுவார்கள். அவர்களில் எவளும் 200 ரூபாய் இல்லாமல் வாசலில் நிற்கமாட்டாள்.

ஆராய்வதற்கு ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்தலாம். ஆனால் உண்மையை நாம்தான் கொடுக்க வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னார் ஆண்டவர். அந்தக் கணக்கில் பொய் எழுதாதிருப்பதும் நம் கடமையே என்பதை 38 படிவங்கள் எனக்குக் கற்பித்தன.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி