கார் கண்ணாடியில் ஒரு கல் பட்டது. இன்சூரன்ஸா, கைக்காசா?

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. கார் கண்ணாடி பற்றி ஒரு நீண்ட பதிவு. நடுவில் கொஞ்சம் மருத்துவம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கோங்க.

பொங்கல் லீவு முடிஞ்சு ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். திருச்சி - மதுரை நான்கு வழிச் சாலை, துவரங்குறிச்சி தாண்டி. முன்னால் ஜல்லி ஏற்றிய ஒரு டிப்பர். மேலே தார்ப்பாய் போடவில்லை. ஓவர்டேக் பண்ணலாம்னு கொஞ்சம் நெருங்கினேன். "டொக்"னு ஒரு சத்தம். முன்கண்ணாடியில் என் பக்கம், கீழே ஓரமாக, மிளகு அளவில் ஒரு புள்ளி.

"ஏங்க, நாளைக்கே இதைக் கொண்டுபோய்க் காட்டிடுங்க" என்றார் மனைவி.

"சின்னதுதானே, பாத்துக்கலாம்" என்றேன்.

இந்தப் "பாத்துக்கலாம்" என்கிற வார்த்தையை ஓபியில் யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். அதே ஜனவரியில் ஒரு பெரியவர் வந்தார். பன்னிரண்டு வருஷமா சுகர். செருப்பு கடிச்ச புண், இரண்டு மாசமா மஞ்சள் பத்து போட்டுக்கிட்டு இருந்திருக்கார். கட்டைவிரல் கறுத்துப்போன பிறகுதான் மகன் கூட்டிக்கொண்டு வந்தார். "ஏன்யா, அப்பவே வந்திருக்கக் கூடாதா?"ன்னு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டேன். அன்றைக்கு சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனது அதே மிளகுப் புள்ளி வச்ச காரைத்தான்.

மூன்று மாசம் ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரல் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, புதுக் கட்டடம் கட்டும்போது வெட்டிட்டாங்க. மதியம் இரண்டு மணிக்கு டூட்டி முடிந்து வந்தால் கார் அடுப்பு மாதிரி இருக்கும். ஏறினதும் ஏசியை முழுசா வைத்துக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். என் கண் முன்னாலேயே அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது. வெளிப்பக்கம் கொதிக்கிறது, உள்பக்கம் திடீர்னு குளிர்கிறது. ஏற்கெனவே அடிபட்ட கண்ணாடி அந்த வித்தியாசத்தைத் தாங்காது. வெயிலில் நின்ற வண்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாலும் இதே கதைதான்.

அப்பவும் போகவில்லை. "க்ளைம் போட்டா என்சிபி போயிடுமே"ன்னு ஒரு யோசனை. போகுமா, எவ்வளவு போகும்னு உட்கார்ந்து கணக்குப் போட்டேனா? அதுவும் இல்லை.

மே மாசம் ஒரு ராத்திரி, மணப்பாறைப் பக்கம் ஒரு குறுகின ரோடு. மனைவி பக்கத்தில், மகள் பின்சீட்டில் தூங்குகிறாள். எதிரே ஒரு பஸ், ஹெட்லைட்டை இறக்கவே இல்லை. அந்த வெளிச்சம் விரிசலில் பட்டுக் கண்ணாடி முழுக்கச் சிதறியது. இரண்டு விநாடி எனக்கு ரோடே தெரியவில்லை. பஸ் கடந்து போனதும் பார்த்தால், பத்தடி முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு தாத்தா. கேரியரில் புல்லுக்கட்டு. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போய்ட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மனைவி வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் நின்றேன். மெக்கானிக் தம்பி விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், புள்ளியா இருந்தப்பவே வந்திருக்கக் கூடாதா? பசை ஏத்தி அடைச்சிருப்பேன். அறுநூறு ரூபாயில முடிஞ்சிருக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்றது?

இதைத் தெரிஞ்சுக்கோங்க. நாணயத்தை விடச் சின்ன அடி, டிரைவர் நேராகப் பார்க்கிற இடத்தில் இல்லை, ஓரம் வரை விரியவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே ரெசின் ஏற்றிச் சரி பண்ணிடலாம். ஊருக்கு ஊர் சில நூறு முதல் ஆயிரம் சொச்சம் வரை கேட்பாங்க. தழும்பு லேசாத் தெரியும், ஆனா மேற்கொண்டு ஓடாது. அழுக்கும் தண்ணியும் உள்ளே இறங்கறதுக்கு முன்னாடி போகணும், அவ்வளவுதான். அதுவரைக்கும் மேலே ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி வையுங்க.

எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஷோரூம் எஸ்டிமேட் 11,400 ரூபாய். கண்ணாடி 7,600, ரப்பர் பீடிங் 700, ஒட்டுகிற சீலன்ட் சாமான்கள் 1,300, லேபர் 1,800. எல்லாம் வரியோடு. "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார், உங்களுக்கு ஒண்ணும் செலவு இல்ல" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

அந்த "ஒண்ணும் செலவு இல்ல"தான் இந்தப் பதிவுக்கே காரணம். வாங்க, கணக்குப் போடுவோம்.

முதல் விஷயம், உங்களிடம் இருப்பது தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. ஓன் டேமேஜ் இருக்கணும். இங்கே நிறைய பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கொடுப்பாங்க. அதைப் பார்த்துவிட்டு "மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு நிம்மதியா இருப்போம். ஆனா பலருக்கு ஓன் டேமேஜ் ஒரே வருஷத்தில் முடிந்திருக்கும். பாலிசி பேப்பரில் இரண்டுக்கும் தனித்தனித் தேதி இருக்கும், பாருங்க. முடிஞ்சு போயிருந்தால் புதுப்பிக்கும்போது வண்டியைப் போட்டோ எடுப்பாங்க. அப்போ இருக்கிற விரிசலுக்கு அப்புறம் க்ளைம் கேட்க முடியாது.

இரண்டாவது, ஒரு நல்ல செய்தி. பம்பர் டு பம்பர் பாலிசி இல்லையென்றாலும் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டாங்க. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி பிடிப்பாங்க, உலோகத்துக்கு வண்டியின் வயசைப் பொறுத்துப் பிடிப்பாங்க. கண்ணாடிக்கு மட்டும் பூஜ்யம். பத்து வருஷ வண்டியானாலும் அதே.

ஆனா கட்டாயமாக நம் கையிலிருந்து போகிற ஒரு தொகை இருக்கு. 1500 சிசி வரை உள்ள கார் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சீலன்ட் மாதிரி சாமான்களைக் கன்ஸ்யூமபிள்ஸ்னு ஒதுக்கிடுவாங்க, அதுக்குத் தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் காசு. என்னிடம் அது இல்லை.

ஆக எனக்கு வருவது: கண்ணாடி 7,600 முழுசா, பீடிங்கில் பாதி 350, லேபர் 1,800. கழித்தல் 1,000. மொத்தம் 8,750. கையிலிருந்து நான் போடுவது 2,650. "ஒண்ணும் செலவு இல்ல"க்கே 2,650 ஆச்சு. சரி, பரவாயில்லை.

இப்போ என்சிபி. நோ க்ளைம் போனஸ். க்ளைம் இல்லாமல் ஓட்டினால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி. முதல் வருஷம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, 50. ஐந்து வருஷம் கல் படாமல் ஏறின ஏணி. ஒரு க்ளைம் போட்டால் அடுத்த ரினியூவலில் பூஜ்யம். மறுபடி முதல் படியிலிருந்து.

நான் 50-இல் இருந்தேன். தள்ளுபடிக்கு முன்னால் என் ஓன் டேமேஜ் பிரீமியம் 7,500. க்ளைம் போட்டால் அடுத்த வருஷம் இழப்பது 3,750. அதற்கடுத்த வருஷம் 20 சதவீதம்தான் கிடைக்கும், 50 கிடைக்க வேண்டிய இடத்தில். இழப்பு 2,250. பிறகு 1,875. பிறகு 1,125. பிறகு 375. மறுபடி 50-ஐத் தொடுகிறவரை கூட்டிப் பாருங்க, 9,375 ரூபாய். வண்டி மதிப்பு வருஷா வருஷம் குறையும், அதனால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையும். பிரீமியம் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, அதனால் கொஞ்சம் கூடும்.

8,750 வாங்க 9,375 கொடுப்பது. இதுக்கு லீவு போட்டு, ஃபார்ம் நிரப்பி, சர்வேயருக்குக் காத்திருக்கணும்.

நான் க்ளைம் போடவில்லை. வெளியே கண்ணாடி மட்டுமே மாட்டுகிற ஒரு கடையில், தெரிந்த கம்பெனிக் கண்ணாடி, வேலையோடு சேர்த்து 6,200 ரூபாய். கையிலிருந்து கட்டினேன்.

இதைப் படிச்சிட்டு "டாக்டர் க்ளைம் போட வேண்டாம்னு சொல்லிட்டார்"னு கிளம்பிடாதீங்க. என்னோடு வேலை பார்க்கிற மயக்க மருந்து மருத்துவர் புது எஸ்யூவி வைத்திருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, முன்னால் வண்டி வந்தால் தானே பிரேக் பிடிக்கிற வகை. அந்த மாதிரி வண்டியில் கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு வைத்துச் சரி பண்ணணும், இல்லாவிட்டால் அது தப்பான இடத்தைப் பார்க்கும். அவருக்கு பில் 38,000 வந்தது. வண்டி வாங்கி இரண்டாவது வருஷம், ஏணியில் முதல் படியில்தான் நின்றார். யோசிக்கவே வேண்டாம், க்ளைம்தான். அவரும் அதைத்தான் செய்தார்.

அதே மாதிரி, என்சிபி ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தாலோ, கண்ணாடி மட்டும் மாற்றினால் போனஸைத் தொட மாட்டோம்னு உங்கள் கம்பெனி சொன்னாலோ, தாராளமாப் போடுங்க. ஆனா போனில் சொன்னதை நம்பாதீங்க, மெயிலில் வாங்குங்க. மாறாக, சீக்கிரம் புது வண்டி வாங்குகிற யோசனை இருந்தால் என்சிபியைப் பத்திரமா வையுங்க. அது வண்டிக்கு உரியதில்லை, உங்களுக்கு உரியது. பழைய வண்டியை விற்றுவிட்டுப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், புது வண்டி பிரீமியத்தில் பாதி என்பது பெரிய காசு. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதுவும் போயிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீங்க. இங்கே க்ளைம் எடுத்துவிட்டு, அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போய் "க்ளைமே இல்லை"ன்னு டிக் அடிப்பது. கம்பெனிகள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. நாளைக்குப் பெரிய விபத்து நடந்து க்ளைம் கேட்கும்போது இந்தப் பொய் வந்து குறுக்கே நிற்கும்.

க்ளைம் போடுவதாக முடிவு பண்ணினால், கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னாடியே கம்பெனிக்குச் சொல்லிடணும். மாற்றிவிட்டு பில்லோடு போனால் இழுத்தடிப்பாங்க. நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி போட்டோ, ஆர்சி, லைசென்ஸ், பாலிசி. கல் பட்டதுக்கெல்லாம் பொதுவாக எஃப்ஐஆர் கேட்க மாட்டாங்க. கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப் எதுன்னு முதலில் கேட்டுக்கோங்க.

இப்போ நான் சொன்ன மருத்துவம். முன்கண்ணாடி மற்ற கண்ணாடி மாதிரி இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிரும். முன்கண்ணாடி இரண்டு தகடுகள், நடுவில் பிளாஸ்டிக் படலம். 1903-இல் எடுவார் பெனடிக்டஸ் என்கிற பிரெஞ்சுக்காரரின் கையிலிருந்து ஒரு குடுவை விழுந்து, உடைந்தும் சிதறாமல் நின்றது. உள்ளே காய்ந்துபோன செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த யோசனை இது. விபத்தில் ஆளை வெளியே தூக்கி எறியாமல் தடுப்பதில் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் விரிகிறபோது இந்தக் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கும். சரியா ஒட்டாத கண்ணாடி என்றால் ஏர்பேக் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிடும்.

அதனால் இருநூறு, முந்நூறு மிச்சம் பிடிக்க பேர் தெரியாத கண்ணாடியைப் போடாதீங்க. மூலையில் தயாரித்த கம்பெனியின் பெயரும் தர முத்திரையும் அச்சிட்டிருக்கும், மாட்டுவதற்கு முன்னாடியே பாருங்க. பசை காய அவர்கள் சொல்கிற நேரம் வரை வண்டியை எடுக்காதீங்க. ஓபிக்கு நேரமாச்சுன்னு நான் அவசரப்பட்டேன். அந்தக் கடைக்காரர் சாவியைத் தரவே இல்லை. "நீங்க தையல் போட்டவனை அன்னைக்கே மூட்டை தூக்கச் சொல்வீங்களா டாக்டர்?"ன்னு கேட்டார். ஆட்டோவில் போனேன். முதல் இரண்டு நாள் கதவை அடிச்சுச் சாத்தாதீங்க, வாட்டர் வாஷும் வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்று, ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியிலிருந்து உரித்தால் அது செத்துடும், அப்படித்தான் செய்திருக்காங்க. எனக்கு இது தெரியாது. அடுத்த வாரம் டோல்கேட்டில் பின்னால் ஆறு வண்டி ஹாரன் அடிக்க, கட்டணத்தைக் கூடுதலாகக் கட்டிவிட்டு வந்தேன். கண்ணாடி மாற்றுகிற அன்றைக்கே பேங்கில் சொல்லி மாற்று டேக் கேட்டு வையுங்க.

அந்தப் பெரியவர் இப்பவும் டிரெஸ்ஸிங்குக்கு வருகிறார். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது, கால் தப்பியது. போன வாரம் வெளியே என் காரைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாத்திட்டீங்களா சார்? ரொம்ப நாளா விரிஞ்சுகிட்டே கெடந்துச்சே" என்றார். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

பாலிசியில் ஏதாவது வரி புரியவில்லை என்றால் கேளுங்க, நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.