காட்டுக்குள் ஒரு வாசற்படி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நவம்பர் மாதக் காலை என்றால், மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடுகிற மதுரைக்காரன் நான். என் மைத்துனன் எனக்குச் சட்டைமேல் சட்டையாக மாட்டிவிட்டு, கடைசியில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாச் சட்டை ஒன்றையும் போட்டுவிட்டான்.

"மான் வேட்டை சீசன், அத்தான். இது இல்லேன்னா உங்களை மான்னு நெனச்சுச் சுட்டுடுவாங்க."

என் தொப்பையைப் பார்த்த பிறகும் எந்த வேடன் அப்படி நினைப்பான்? கேட்டேன், பதில் இல்லை. உண்ணி ஏறாமலிருக்கக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகும் வேலையில் மும்முரமாக இருந்தான்.

எங்களை அழைத்துப்போனவர் அவனுடைய பக்கத்து வீட்டுப் பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மெட்டல் டிடெக்டரும் கையுமாகக் கைவிடப்பட்ட பண்ணைவீடுகளைத் தேடி அலைவதே அவருக்குப் பொழுதுபோக்கு. முதலில் நிலத்துக்காரம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அனுமதி கேட்டார். கிடைப்பதில் பிடித்ததை அந்த அம்மா எடுத்துக்கொள்ளலாம், மீதிதான் இவருக்கு. அந்த அம்மா ஆளுக்கொரு கோப்பை சூடான ஆப்பிள் சைடர் கொடுத்து அனுப்பினார். பட்டையும் ஆப்பிளும் கலந்த அந்த வாசனைக்காகவே இன்னொரு முறை அனுமதி கேட்கலாம் போலிருந்தது!

பெரியவரின் கையில் 1869-ம் ஆண்டு பீர்ஸ் அட்லஸின் நகல் ஒன்று இருந்தது. வின்ட்சர் கவுண்டியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி, பக்கத்திலேயே வீட்டுக்காரர் பெயர். ஆனால் அந்தப் புள்ளியைத் தேடி நடந்தால் சுற்றிலும் காடு. ஈர இலையும் மட்கிய மண்ணும் மணக்கிற, ஆள் அரவமே இல்லாத காடு. அதற்குள் மார்பளவு உயரத்துக்கு ஒரு கல்சுவர்! மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கி எங்கோ போகிறது. காட்டுக்கு எவனாவது மதில் கட்டுவானா?

"இது காடே இல்லை, ஆட்டுப்பட்டி" என்றார் பெரியவர். லிஸ்பனில் அமெரிக்கத் துணைத்தூதராக (கான்சல்) இருந்த வில்லியம் ஜார்விஸ் 1811-ல் மெரினோ ஆடுகளை இந்தப் பக்கத்து வெதர்ஸ்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தாராம். 1840-ல் வெர்மான்டில் பதினாறு லட்சத்துக்கும் அதிகமான ஆடுகள். மனிதர்கள் மூன்று லட்சம்கூட இல்லை. மேய்ச்சலுக்காக மலை மலையாக மொட்டையடித்தார்கள், நிலத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிச் சுவராக அடுக்கினார்கள். பிறகு கம்பளி விலை விழுந்தது. 1825-லேயே ஈரி கால்வாய் திறந்து மேற்கே வழிவிட்டிருந்தது. ஒஹாயோ பக்கம் கல்லில்லாத மண் கூப்பிட்டது. ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள், மரங்கள் திரும்பி வந்துவிட்டன. இன்று மாநிலத்தில் முக்கால் பங்கு காடு.

வீடு இருந்த இடத்தில் கல் பதித்த நிலவறைப் பள்ளம் ஒன்று மட்டும், இடுப்பளவு இலைச் சருகுடன். உள்ளிருந்து பிர்ச் மரம் ஒன்று வெள்ளை வெளேரென்று கிளம்பியிருந்தது. முன்னால் ஒரே கல்லில் வாசற்படி. பக்கத்தில் அந்த வீட்டுப் பெண் யாரோ நட்ட லைலாக் புதர். நம்மூரில் ஒரு வீடு ஆளில்லாமல் கிடந்தால் கதவு, நிலை, ஓடு எல்லாம் கால் முளைத்துப் போய்விடும். பங்காளிகள் கோர்ட்டுக்கும் போயிருப்பார்கள். இங்கே படிக்கல் போட்டது போட்டபடி! நான் அதில் ஏறி நின்றேன். எதிரே கதவு இல்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கினேன். ஓரத்தில் தட்டையான ஒரு கல்லைக் காட்டி, "அதன்மேல் மட்டும் ஏறாதே, கீழே கிணறு" என்றார் பெரியவர்.

டிடெக்டரின் வட்டத் தலையை, வாசல் கூட்டுவதுபோல, தரையோடு தரையாக வீச வேண்டும். அது மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் எழும் சிறு மின்னோட்டம் பதில் சொல்கிறது. இரும்பு உறுமும், செம்பும் வெள்ளியும் கீச்சிடும். என் கையில் வந்தபின் உறுமல்தான். எல்லாம் பட்டறையில் அடித்த சதுர ஆணிகள். பிறகு ஒரு கீச்சு. தோண்டினால் தட்டையான பித்தளை வட்டம். "தங்கமா?" என்றேன். "பட்டன், அத்தான்" என்றான் மைத்துனன். ஒரு பண்ணைவீட்டில் இத்தனை பட்டன் எப்படித்தான் அறுந்து விழுந்ததோ!

காசு கிடைத்தது படிக்கு இரண்டு முழம் தள்ளி. பெரியவர் மண்ணை மூன்று பக்கம் வெட்டி மூடிபோலத் திருப்பினார். ஆரஞ்சு நிறக் குச்சிக் கருவி ஒன்றைக் குழிக்குள் விட்டார். அதற்கு 'காரட்' என்று செல்லப்பெயர். வந்தது பச்சை பூத்த ஒரு செம்பு வட்டம், இன்றைய சென்டைப்போல ஒன்றரை மடங்கு அகலம். 1793 முதல் 1857 வரை அடித்த பெரிய சென்ட். என் கை துடைக்கப் போவதற்குள் பிடுங்கிக்கொண்டார். தேய்த்தால் எழுத்தே போய்விடுமாம். பல்குச்சியால் மெல்ல நெருடினார். சுதந்திர தேவியின் மூக்கு வந்தது, கிரீடம் வந்தது, '181' வந்தது. கடைசி எண் மட்டும் அரித்துப்போயிருந்தது.

"1815 இல்லை, அந்த வருடம் சென்டே கிடையாது" என்றார். இங்கிலாந்தோடு நடந்த போரில் செம்புத் தகடு வரத்து நின்றுபோயிருந்தது. வளைவைப் பார்த்தால் ஆறாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். ஆறுதான் வேண்டுமென்று அடம்பிடித்தேன். இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததற்கு மறுவருடம் 1816; கோடையே வராமல், ஜூன் மாதத்தில் இங்கே பனி பெய்து பயிர் கருகிய வருடம். அப்போதே மூட்டை கட்டியவர்கள் உண்டு. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு முறை பார்த்தார். "எட்டு" என்றார்.

குழியை மூடி, இலையைப் பரப்பிவிட்டுத் திரும்பினோம். காசை நிலத்துக்காரம்மா எடுத்துக்கொண்டார், பட்டன் எனக்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் ஒரு டிடெக்டரை வாங்கிக்கொண்டு ஆதிச்சநல்லூர் அகழாய்வுக் களத்துப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே மத்திய அரசு நிலத்தில் பழம்பொருள் தோண்டுவதற்கு 1979-ம் ஆண்டுச் சட்டம் தடைபோட்டிருக்கிறது. நம் நாட்டுப் புதையல் சட்டம் 1878-ல் வந்தது, இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.