யாழும் கூச்சினும்

அண்ணாமலை நகரில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழைக் கணக்கிட்டு மீட்க முயன்றவர். அவரது யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. சில வாரங்களில் அடிகள் மறைந்தார். அவ்வூரில் படித்த நாங்கள் அந்நூலை வாசித்திருக்கிறோம். யாழின் ஒலியைத்தான் கேட்டதில்லை.

போரில் புண்பட்டவனின் வீட்டில் வேப்பந்தழை செருகி, வெண்கடுகு தூவி, யாழ் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடிக் காத்த செய்தி புறநானூற்றில் வருகிறது. கொடிச்சி பாடிய குறிஞ்சியைக் கேட்டுத் தினை உண்ண வந்த யானை நின்றபடியே உறங்கிவிட்டதாக அகநானூறு காட்டுகிறது. தேவாரப் பண்களுள் மேகராகக் குறிஞ்சியை ஓதுவார்கள் இன்று நீலாம்பரியில் பாடுகிறார்கள். தாலாட்டுக்குரிய இராகம் அது. இரு குறிஞ்சியும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல நாங்கள் துணியோம். இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்று பட்டியலிட்டு விற்பதும் எங்களுக்கு உவப்பன்று.

ஆயினும் இக்கேள்வி சென்ற ஆண்டு எங்களுக்குள் ஏட்டை விட்டு இறங்கி வந்தது. எங்களுள் ஒருவர் தந்தையை இழந்து, மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தார். மருத்துவர் தந்த மாத்திரைகளோடு, இரவுகளில் கூச்சின் என்னும் சீனத்து ஏழு நரம்புக் கருவியின் இசையையும் கேட்கத் தொடங்கினார். எங்களையும் உடனிருத்திக் கேட்கச் செய்தார்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நரம்பைத் தெறித்தபின் அடுத்த ஒலிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இடக்கை விரல் நரம்பின்மேல் உரசி நகர்வதுகூடக் கேட்கிறது. தனியாவர்த்தனத்துக்குப் பழகிய செவிக்கு இது வெறும் வறுமை. சில இரவுகள் சென்றபின்தான், நரம்பு அடங்கிய பிறகும் செவி அதன் பின்னே போய்க்கொண்டிருப்பதை உணர்ந்தோம். சீனத்துக் கற்றோர் இதைப் பேரவைகளுக்காக அன்றி, தம் மனத்தைச் செம்மை செய்துகொள்ளவும் நெருங்கிய நண்பர் கேட்கவுமே வாசித்தனர். நமக்கு இல்லாமற்போன தொடர்ச்சி அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நூற்றாண்டின் கூச்சின் கலைஞர் ஜி காங், இசையில் துயரமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை, அவை கேட்பவன் நெஞ்சில் முன்பே உள்ளவை என்று வாதிட்டவர். அதை நண்பரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அப்பா என்னை நீலாம்பரி பாடித்தான் தூங்கவைப்பார். இப்போது அதைக் கேட்டால் தூக்கம் போய்விடுகிறது. ஒரு நினைவும் ஒட்டாத இசை வேண்டியிருந்தது" என்றார்.