பதினொன்றுக்கு மூன்று

கொட்டாஞ்சேனையின் மூத்தவர்களிடம் மல்யுத்தம் என்று சொன்னால் இரண்டு பெயர்கள் உடனே வரும்: தாராசிங், கிங்கொங். தாராசிங் ஐந்நூறு போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்கவில்லை என்பது அவர்கள் கேட்டு வளர்ந்த கதை. அதைச் சரிபார்க்க யாரும் முனைந்ததில்லை. முடிவு முன்கூட்டியே பேசப்படுவது வழக்கமான அந்தத் தொழிலில் வெற்றி, தோல்விக் கணக்குக்குப் பெரிய பொருளும் இல்லை.

இன்றைய கலப்புத் தற்காப்புக் கலையில் நிலைமை வேறு. ஒவ்வொரு மோதலும் வீரனின் பெயரோடு இலக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தாராசிங்கைப் போலவே பஞ்சாபிய மல்யுத்த மரபில் வந்த, கனடாவில் பிறந்த அதிபார வீரர் அர்ஜன் புல்லரின் கணக்கு, 2024 மார்ச் மாதப் போட்டியோடு, 11 வெற்றி, 3 தோல்வி.

2010இல் டில்லி பொதுநலவாய விளையாட்டு விழாவில் 120 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர்; 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். 2014இல் கலப்புச் சண்டைக்கு வந்து, கனடாவின் பிராந்திய அரங்குகளில் தோல்வியின்றி முன்னேறி, 2017இல் யூ.எஃப்.சி.யை அடைந்தார். 2018 ஏப்ரலில் தலைப்பாகையுடன் அரங்குக்குள் நடந்துவந்த இரவில்தான் முதல் தோல்வி. 2021 மே மாதம் சிங்கப்பூரில் பிரண்டன் வேராவை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி 'ஒன்' அமைப்பின் அதிபாரப் பட்டத்தை வென்றார். முன்னணி அமைப்பொன்றில் இந்திய வம்சாவளியினர் ஒருவர் பெற்ற முதல் உலகப் பட்டம் அது.

அடுத்த மோதலுக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2023 ஜூனில் பாங்கொக்கில் அனத்தோலி மாலிகினிடம் பட்டத்தை இழந்தார். 2024 மார்ச்சில் கட்டாரில் அமிர் அலியக்பரியுடனான சண்டை மூன்றாம் சுற்றில் நிறுத்தப்பட்டது. எதிர்த்துப் போரிடவில்லை என்று நடுவர் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்.

"மாமா, அடிவாங்கித் தோத்திருந்தாலும் மனம் ஆறியிருக்கும்" என்றான் வெள்ளவத்தையில் இருக்கும் என் மருமகன். அவன் தலைமுறைக்கு தோல்வி புதிதல்ல. தோற்ற விதம்தான் அவனை வருத்தியது.

விளையாட்டுச் செய்திகளைப் பல்லாண்டு எழுதியவன் என்ற முறையில் அவன் சொன்னதை ஏற்கிறேன். மாலிகினிடம் அடிபட்டு வீழ்ந்ததும், அலியக்பரிக்கு முன் கைகட்டி நின்றதும் அட்டவணையில் ஒவ்வொரு தோல்வியாகவே நிற்கின்றன. புல்லரின் கணக்கை எழுதுபவர் அந்த மூன்றையும் ஒவ்வொரு வரியிலாவது விளக்கவேண்டும். சிங்கப்பூர் இரவுக்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டும். அவர் உழைத்துப் பெற்றது அது.